ஊரைச் சிரிக்க வைக்கிறவரே... உங்க உடம்பு என்ன சொல்லுது?

டி.வி. முன்னால் குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. தாத்தாவுக்குப் பொய்ப்பல் நழுவுகிற அளவு சிரிப்பு. அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் அம்மா சிரிக்கிறார். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பையன் தரையில் உருண்டு கொண்டிருக்கிறான்.

நல்லது. நன்றாகச் சிரியுங்கள். தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவதே நகைதான்.

ஆனால் ஒரு கேள்வி. உங்களையெல்லாம் இப்படிச் சிரிக்க வைத்தாரே, அந்த மனிதர் அன்றைக்கு எத்தனை மணிக்குச் சாப்பிட்டிருப்பார்? முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கியிருப்பார்?

'டாக்டரே, உடம்பைப் பற்றி எழுதச் சொன்னால் டி.வி. நடிகர் கதைக்குப் போய்விட்டீர்களே' என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 18-ம் தேதி, ரோபோ சங்கர் காலமானார். வயது 46. அதற்கடுத்த சில வாரங்கள் என் வைத்தியசாலைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "அந்த ஆளு எப்படி இருந்தவரு டாக்டர்... ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குள் அவரவர் வீட்டுக் கவலையும் இருந்தது. ராத்திரி வேலை பார்க்கிற மகன், லாரி ஓட்டுகிற தம்பி, மேடை மேடையாகப் போகிற மருமகன்... அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

கட்டியங்காரன் வாரிசுகள்

நான் வைத்தியம் பார்ப்பது அவலூர்பேட்டையில். செஞ்சிப் பக்கம், மேல்மலையனூர் வட்டம். இந்த வட்டாரத்தில் கோடை வந்தால் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிப்பார்கள். ராத்திரியானால் தெருக்கூத்து. பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடியும்வரை நடக்கும்.

அந்தக் கூத்தில் முதலில் வருகிறவர் துரியோதனனும் இல்லை, அர்ச்சுனனும் இல்லை. கட்டியங்காரன்! ராஜா வருகிறார் என்று அறிவிப்பது அவர்தான். திரைக்குப் பின்னால் நிற்கிற ராஜாவை, 'நீ யாரு, எந்த ஊரு' என்று குறுக்குக் கேள்வி கேட்டுச் சபைக்கு அறிமுகப்படுத்துவதும் அவர்தான். உள்ளூர்ச் சங்கதிகளை நடுவில் நுழைத்துச் சிரிக்க வைப்பார். மூன்று மணிக்குக் கண் சொக்குகிற கூட்டத்தைத் தட்டி எழுப்புவார். தொகுப்பாளர், நகைச்சுவை நடிகர் இரண்டு வேலையும் ஒரே ஆளுக்கு.

யோசித்துப் பாருங்கள், இன்றைக்கு டி.வி.யில் மைக் பிடித்து நிற்கிறவர் செய்வதும் அதே வேலைதானே?

விஜய் டி.வி.யில் 'கலக்கப்போவது யாரு' 2005-ல் தொடங்கியது. சன் டி.வி.யில் 'அசத்தப்போவது யாரு' வந்தது. அதுவரை கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா என்று பலகுரல் செய்துகொண்டிருந்த பையன்கள் திடீரென்று வீட்டு வரவேற்பறைக்கே வந்துவிட்டார்கள். திருச்சியிலிருந்து போட்டியாளராக வந்த சிவகார்த்திகேயன், பிறகு 'அது இது எது' நிகழ்ச்சியின் தொகுப்பாளர் ஆனார். 2012-ல் 'மெரினா' படத்தின் மூலம் கதாநாயகன். அதற்கு முன்பே 'லொள்ளு சபா'விலிருந்து சந்தானம் சினிமாவுக்குப் போயிருந்தார். ஊர் ஊராக ஆயிரம் பையன்களுக்கு இந்த இரண்டு பேரும் கனவாகிப் போனார்கள்.

கனவு தப்பில்லை. அந்தப் பாதையில் நடக்கிற உடம்புக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் நாம் பேசுவதில்லை.

மதுரை தந்த ரோபோ

சங்கர் மதுரைக்காரர். இளம் வயதில் உடற்பயிற்சி செய்து முறுக்கேற்றிய கட்டுடல். திருவிழா மேடைகளில் உடம்பு முழுக்க உலோகப் பளபளப்புள்ள பூச்சைப் பூசிக்கொண்டு, இயந்திர மனிதனைப் போல வெட்டி வெட்டி ஆடுவார். அதனால்தான் பெயருக்கு முன்னால் 'ரோபோ' ஒட்டிக்கொண்டது. பலகுரலும் கைவசம் இருந்தது.

'கலக்கப்போவது யாரு' அவரை உலகத்துக்குக் காட்டியது. பிறகு 'அது இது எது'வில் 'சிரிச்சா போச்சு' என்று ஒரு சுற்று. ஞாபகம் இருக்கிறதா? எதிரே விருந்தினர் உட்கார்ந்திருப்பார். சிரிக்கக் கூடாது, சிரித்தால் தோற்றார். சிரிக்கவே மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிற ஆளைச் சில நிமிடத்தில் உடைக்க வேண்டும். அதற்கு வேஷம், குரல், விழுவது, புரளுவது, தன்னையே கேலிப் பொருளாக்கிக் கொள்வது... எல்லாம் வேண்டும். ஒரு வேளைக் கூலி வேலைக்குச் சமமான உழைப்பு அது.

2013-ல் 'இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா', 2015-ல் 'மாரி', 2016-ல் 'வேலைன்னு வந்துட்டா வெள்ளைக்காரன்', 2019-ல் 'விஸ்வாசம்' என்று சினிமா வரிசையாக வந்தது. 2019-ல் வந்த 'பிகில்' படத்தில் அவர் மகள் இந்திரஜாவும் நடித்தார். மனைவி பிரியங்காவும் கலைத்துறையில் இருப்பவர். குடும்பமே மேடைக் குடும்பம்.

2023-ல் அவருடைய படம் ஒன்று எல்லோர் கைபேசியிலும் சுற்றியது. அந்தப் பெரிய உடம்பு பாதியாக இளைத்துப் போயிருந்தது. மஞ்சள் காமாலை. ஆளாளுக்கு வதந்தி கிளப்பினார்கள். அவரோ மறைக்கவில்லை. தேறி வந்தபின் மேடையிலேயே, தப்பான பழக்கங்கள் தன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்று வெளிப்படையாகச் சொல்லி இளைஞர்களை எச்சரித்தார். சிரிக்க வைத்தே பிழைக்கிற ஒருவர் தன் பலவீனத்தைச் சபையில் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

மறுபடி வேலைக்கு வந்தார். 2025 செப்டம்பரில் படப்பிடிப்பின்போது மயக்கம். சென்னையில் தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். குடல்பாதையில் கடும் ரத்தக்கசிவு, பல உறுப்புகள் செயலிழப்பு என்று மருத்துவமனை அறிக்கை சொன்னது. இரண்டே நாள்.

அவருக்கு முன்னாலும் சிலரை இழந்திருக்கிறோம். 'சிரிச்சா போச்சு'வில் அவரோடு சேர்ந்து கலக்கிய வடிவேல் பாலாஜி, மாரடைப்பும் பக்கவாதமும் தாக்கி 2020 செப்டம்பர் 10-ம் தேதி போய்ச் சேர்ந்தார். டயாலிசிஸ் செய்துவந்த கோவை குணா 2023 மார்ச்சில். 'லொள்ளு சபா' சேஷு 2024 மார்ச்சில், இதயக் கோளாறால். ஒவ்வொருவர் நோயும் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே காரணத்தை மாட்டிவிடுவது வைத்தியன் வேலை இல்லை. ஆனால் இந்தத் தொழிலின் நடைமுறை உடம்பின் எந்தெந்த விதிகளை மீறுகிறது என்று என்னால் சொல்ல முடியும்.

அடக்கக்கூடாத பதினான்கு!

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித் தருகிற பாடம் இது. உடம்புக்குப் பதினான்கு வேகங்கள் உண்டு. அதாவது, தானாக எழுகிற உந்துதல்கள். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், விந்து, மூச்சு. இவற்றை வலிய அடக்கினால் நோய் வரும் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை.

இப்போது ஒரு மேடைக் கலைஞரின் நாளைப் பாருங்கள்.

நிகழ்ச்சி ஒன்பது மணிக்கு என்று போஸ்டர். நாட்டாமை பேசி, கவுன்சிலர் பேசி, சால்வை போர்த்தி முடிக்கப் பதினொன்று. 'சாப்பிட்டால் வயிறு கனக்கும், ஆட முடியாது' என்று சாயங்காலத்திலிருந்து வெறும் டீ. பசி அடக்கியாச்சு. வேஷம் கலைந்துவிடும், போகிற இடத்தில் கழிப்பறை வசதியும் இருக்காது என்று தண்ணீரே குடிப்பதில்லை. தாகம் அடக்கியாச்சு, சிறுநீரும் அடக்கியாச்சு. மைக் முன்னால் இருமலையும் தும்மலையும் விழுங்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு முடித்து, வேனில் உட்கார்ந்தபடியே அடுத்த ஊர். தூக்கமும் போச்சு.

கடைசியாக, கண்ணீர். வீட்டில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடப்பார். குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியிருக்காது. ஆனால் மேடை ஏறினால் சிரிக்க வைத்தே ஆக வேண்டும். கண்ணீரை அடக்கினால் பீனிசமும் கண்நோயும் தலைநோயும் வரும் என்கிறது நம் மருத்துவம். நவீன மருத்துவமும், நெடுநாள் மன அழுத்தம் ரத்த அழுத்தத்தையும் தூக்கத்தையும் கெடுக்கும் என்றுதான் சொல்கிறது.

எங்கள் பக்கத்துக் கூத்துக் கலைஞர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், நெஞ்செரிச்சலுக்கு மருந்து வாங்க வந்தார். "ராத்திரி முழுக்க நின்னா பசியே தெரியாதுங்க டாக்டர் ஐயா. விடிஞ்சப்புறம் கெடச்சதத் தின்னுட்டுப் படுத்துடுவேன். அப்பத்தான் எரியும்" என்றார். அவர் வியாதியையும் அதன் காரணத்தையும் அவரே இரண்டு வரியில் சொல்லிவிட்டார். சீட்டு எழுதுவது மட்டும்தான் என் வேலையாக மிஞ்சியது!

ராத்திரி கண்விழித்தால் பித்தம் கூடும் என்று பாட்டி சொல்வாரே, அது சும்மா இல்லை. தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் சுரப்புகள் தாறுமாறாகின்றன. எண்ணெயும் இனிப்பும் கேட்கும். ராத்திரி இரண்டு மணிக்கு இட்லிக்கடை திறந்திருக்காது. பரோட்டாக் கடைதான் திறந்திருக்கும். வருஷக்கணக்கில் இப்படிப் போனால் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கல்லீரலில் கொழுப்பு மூன்றும் கூட்டாளிகளாக வந்து சேரும்.

அரிதாரத்தில் இருந்த விஷம்

'அரிதாரம் பூசியவன்' என்று நடிகனைச் சொல்கிறோம். அரிதாரம் என்றால் என்ன தெரியுமா? மஞ்சள் நிறத்தில் பளபளக்கும் ஒரு கனிமம். சித்த மருத்துவத்தில் தாளகம் என்போம். வேதியியலில் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த பொருள். பாஷாண வகை! சுத்தி செய்து, முறைப்படி முடித்தால்தான் மருந்து. அந்தக் காலத்தில் அதைத்தான் முகப்பூச்சுக்கு மஞ்சளாக அரைத்தார்கள்.

இன்றைக்கு அரிதாரத்தின் பெயர் மட்டும் மிச்சம். ஆனால் கிராம மேடைகளில் வேறு ஆபத்து வந்திருக்கிறது. 'சில்வர் மேன்' ஆட்டத்துக்கு, கதவுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற அலுமினியப் பெயிண்ட்டை உடம்பில் பூசிக்கொள்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் மண்ணெண்ணெயோ தின்னரோ ஊற்றித் தேய்ப்பார்கள்.

தோல் ஒரு சட்டை இல்லை ஐயா, உறுப்பு. உடம்பின் சூட்டை வியர்வை வழியாக வெளியேற்றுகிற உறுப்பு. அதைப் பெயிண்ட்டால் அடைத்துக்கொண்டு, விளக்குச் சூட்டில் ஆடினால் மயக்கம் வரும். தின்னரின் ஆவி மூச்சு வழியாகவும், கொஞ்சம் தோல் வழியாகவும் உள்ளே போகும். தலைவலி, குமட்டல், தோல் வெடிப்பு, படை எல்லாம் வரும். தோலுக்கென்றே தயாரித்த, தண்ணீரில் கழுவக்கூடிய வண்ணங்கள் கடைகளில் கிடைக்கின்றன. விலை கொஞ்சம் கூடத்தான். வாங்குங்கள். பூசும் முன் மெல்லிசாகத் தேங்காய் எண்ணெய். கலைக்கும்போதும் தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைத்துவிட்டு, பாசிப்பயறு மாவு தேய்த்துக் குளியுங்கள். பழைய கூத்துக்காரர்கள் எண்ணெய் போட்டுத்தான் வேஷம் கலைப்பார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

தொண்டைதான் மூலதனம்

பலகுரல் செய்பவர் ஒரு மணி நேரத்தில் இருபது பேராக மாறுகிறார். கரகரப்புக் குரல், கீச்சுக் குரல், அடித்தொண்டைக் குரல்... குரல்நாண் என்பது இரண்டு மெல்லிய தசை மடிப்புதான். ஓயாமல் மோதினால் காய்த்துப்போகும். தச்சு வேலை செய்பவர் கையில் காய்ப்பு விழுவது போல அங்கேயும் சிறு கட்டிகள் விழும்.

நிகழ்ச்சிக்கு முன் பத்து நிமிடம் மெதுவாக 'ம்ம்' என்று முனகிக் குரலைச் சூடாக்குங்கள். நடுநடுவே வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு மிடறு. முடிந்தபின் ஒரு மணி நேரம் மௌனம். கிசுகிசுப்பாகப் பேசினால் ஓய்வு என்று நினைக்காதீர்கள். அதுவும் குரலுக்குச் சிரமம்தான். சின்னத் துண்டு அதிமதுரம் வாயில் அடக்கிக்கொள்ளலாம். ஆனால் ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிடக் கூடாது, அழுத்தத்தை ஏற்றிவிடும். அவர்களுக்குச் சித்தரத்தைத் துண்டு போதும். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், குறிப்பாகப் புகை பிடிப்பவராக இருந்தால், கஷாயம் வைத்துக்கொண்டு நாள் கடத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

காமாலை: கீழாநெல்லியோடு முடிகிற விஷயமா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். சித்த மருத்துவரே இப்படிச் சொல்கிறாரே என்று ஆச்சரியப்படாதீர்கள். காமாலை ஒரு நோயின் பெயர் இல்லை. அது ஒரு அறிகுறி. வீட்டில் புகை வருகிறது என்றால் எரிவது அடுப்பா, கூரையா என்று பார்க்க வேண்டாமா?

ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் சாதாரணமாக 1 மில்லிகிராமைச் சுற்றி இருக்கும். இரண்டு, மூன்றைத் தாண்டும்போது கண்ணின் வெள்ளை மஞ்சளாகும். அசுத்தத் தண்ணீரால் வருகிற ஏ, ஈ வைரஸ் காமாலை பெரும்பாலும் ஓய்விலும் பக்குவ உணவிலும் சரியாகும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஈ வகை மிக ஆபத்து. பி, சி வைரஸ்கள் வருஷக்கணக்கில் கல்லீரலில் குடியிருந்து அரிக்கும். பித்தப்பைக் கல் வழியை அடைத்தாலும் காமாலை. மதுவால் கல்லீரல் வீங்கினாலும் காமாலை. எல்லாவற்றுக்கும் ஒரே பச்சிலை உருண்டையா?

கீழாநெல்லி நல்ல மூலிகை. நானும் கொடுக்கிறேன். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கல்லீரலில் பி வைரஸ் தங்கியவர்களுக்கு அது பயன்பட்டது என்று லான்செட் இதழில் எழுதியது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் வரவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. எனவே என்னிடம் காமாலையோடு வருகிறவரிடம் முதலில் கேட்பது, கல்லீரல் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் வயிற்று ஸ்கேனும். அதற்கப்புறம்தான் மருந்து. கண்ணில், மூக்கில் பச்சிலைச் சாறு விடுவது, கையில் சூடு போடுவது, கழுத்தில் மாலை போட்டு அது நீளும்வரை காத்திருப்பது... இவையெல்லாம் சித்த மருத்துவமே இல்லை. வேண்டவே வேண்டாம்.

பத்தியம் என்று சொல்லி உப்பில்லாத மோர்சாதம் மட்டும் போட்டு ஆளை வற்ற வைக்காதீர்கள். கெட்டுப்போன கல்லீரலுக்குச் சத்து தேவை. இட்லி, கஞ்சி, பயறு, பழம், மருத்துவர் அனுமதித்தால் முட்டை கொடுக்கலாம். காலும் வயிறும் வீங்கினால்தான் உப்பைக் குறைக்கச் சொல்வோம்.

இன்னொன்றையும் மேடைத் தம்பிகளுக்குச் சொல்லியாக வேண்டும். 'அலுப்பு தீர' ஒரு குவார்ட்டர், 'உடம்பு வலிக்கு' ரெண்டு மாத்திரை. இந்தக் கூட்டணி மிகக் கொடியது. பாராசிட்டமால் அளவோடு நல்ல மருந்து. தினமும் குடிக்கிறவர் கணக்கில்லாமல் விழுங்கினால் அதே மாத்திரை கல்லீரலுக்கு விஷம். கல்லீரல் ஊமை உறுப்பு ஐயா, வலி காட்டாது. முக்கால்வாசி கெட்டபிறகுதான் வாயைத் திறக்கும். ஆனால் அதற்கு ஒரு பெரிய மனசும் உண்டு. தழும்பு விழும் முன் மதுவை நிறுத்தினால், தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்.

நெடுநாள் தினமும் குடித்தவர்கள் திடீரென்று வீட்டிலேயே நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். கேலி பேசாதீர்கள், அதுவும் ஒரு சிகிச்சைதான்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

* ரத்த வாந்தி எடுத்தால்
* மலம் தார் போலக் கறுத்துப் போனால்
* காமாலைக்காரர் பகலெல்லாம் தூங்கி, ராத்திரி விழித்து, சம்பந்தமில்லாமல் பேசினால்
* வயிறு பானை போல வீங்கினால்
* நெஞ்சு இறுக்கம், இடது கை வலி, குப்பென்று வியர்வை வந்தால்
* வாய் கோணினால், ஒரு பக்கக் கை கால் தளர்ந்தால், பேச்சு குழறினால்

இவற்றுக்குச் சுக்குக் கஷாயம் வைக்கிற நேரம்கூட வீண். 108-ஐக் கூப்பிடுங்கள்.

ராத்திரி வேலைக்காரர்களுக்கு என் சீட்டு

* மாலை ஏழு மணிக்குள் இட்லி, இடியாப்பம் அல்லது ரசம் சாதம். வெறும் டீயோடு மேடை ஏறாதீர்கள்.
* நடுவில் சீரகத் தண்ணீர் ஒரு பாட்டில். சிறுநீர் வந்தால் போய் வாருங்கள். கூட்டம் இரண்டு நிமிடம் காத்திருக்கும்.
* முடித்தபின் வாழைப்பழம், கஞ்சி, இரண்டு இட்லி போதும். பரோட்டாவை மறுநாள் பகலுக்கு ஒத்திப் போடுங்கள்.
* பகலில் உறங்கக் கூடாது என்பது சித்தர் விதி. ஆனால் ராத்திரி விழித்தவருக்கு அந்தக் கடனை அடைத்தாக வேண்டும். வீடு வந்ததும் அறையை இருட்டாக்கி, கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு ஏழு மணி நேரம் தூங்குங்கள்.
* வாரம் இரண்டு நாள் எண்ணெய்க் குளியல், வேலை இல்லாத நாளில். குளித்த அன்று பகல் தூக்கம் வேண்டாம்.
* முப்பத்தைந்து தாண்டினால் வருஷம் ஒருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை, ஈ.சி.ஜி.
* கல்லீரல் பி தடுப்பூசி மூன்று தவணை. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம்.

பணமும் ஒரு மருந்துதான்

மாதச் சம்பளம் வாங்குகிற நமக்கு லீவு போட்டால் சம்பளம் உண்டு. மேடைக் கலைஞர் ஒரு நாள் படுத்தால் அன்றைக்கு வரும்படி பூஜ்யம். 2020-ல் ஊரடங்கு வந்தபோது எல்லா மேடையும் ஒரே நாளில் இருண்டது. வடிவேல் பாலாஜி முதலில் தனியார் மருத்துவமனையிலும் பிறகு அரசு மருத்துவமனையிலும் சிகிச்சை பெற்றது அந்த வருஷம்தான். டி.வி.யில் முகம் தெரிந்தவர் என்றால் பணக்காரர் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை உண்டு. கூத்து, கரகம், நையாண்டி மேளம் போன்ற கலைஞர்களுக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. வருமானம் அதற்கு மேலே என்றால் ஒரு தனியார் காப்பீடாவது எடுங்கள். நல்ல சீசனில் நாலு நிகழ்ச்சி வந்தால், ஒரு நிகழ்ச்சிச் சம்பளம் அதற்கு. உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். படுத்தபின் எடுத்தால் உடனே கைகொடுக்காது.

ரசிகர்களுக்கும் ஒரு மருந்து

நகைச்சுவைக்காரரின் உடம்பையே நாம் ஜோக்காக வைத்திருக்கிறோம். குண்டாக இருந்தால் சிரிப்பு. ஒல்லியாக இருந்தால் சிரிப்பு. அந்த உடம்பு திடீரென்று பாதியானால் அப்போதும் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பி, 'பார்த்தியா' என்கிறோம். பத்து கிலோ காரணமில்லாமல் குறைந்த மனிதர் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் என்ன செய்வீர்கள்? 'டாக்டரைப் பாருங்க' என்று சொல்ல மாட்டீர்களா? அதே மரியாதையை அவருக்கும் கொடுங்கள்.

விழாக் கமிட்டிக்காரர்களே, உங்களுக்கும்தான். எங்கள் சித்தகிரி முருகனுக்குப் பங்குனி உத்திரம் வருகிறது, மேல்மலையனூரில் மாசியில் மயானக் கொள்ளை வருகிறது. எந்த ஊர் விழாவாக இருந்தாலும் கலைஞர்களை அழைக்கும்போது மூன்றே விஷயம். சொன்ன நேரத்தில் மேடை கொடுங்கள். ஏழு மணிக்குச் சூடாகச் சாப்பாடு போடுங்கள். உடை மாற்றவும் போய் வரவும் ஒரு சுத்தமான இடம் ஒதுக்குங்கள். பெண் கலைஞர்களுக்கு இது இன்னும் முக்கியம். சிறுநீரை அடக்கி அடக்கி நோய்த்தொற்றோடு வருகிற பெண்களை நான் எத்தனையோ பேரைப் பார்க்கிறேன். சீரியல் செட்டுக்கும் ரெக்கார்டு டான்ஸுக்கும் தேவைப்படுகிற பணத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவா, சொல்லுங்கள்?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை பலகுரல் செய்கிறானா? அடிக்காதீர்கள். அது ஒரு வரம். மேடைக்கு அனுப்புங்கள். கூடவே ஒரு தண்ணீர் பாட்டிலையும் டிபன் பாக்ஸையும் கொடுத்து அனுப்புங்கள். காலையில் வந்தால் 'எவ்வளவு கைதட்டல்' என்று கேட்பதற்கு முன், 'ராத்திரி சாப்பிட்டியா, தூங்கினியா' என்று கேளுங்கள்.

ரோபோ சங்கர் தன் உடம்பைக் காட்டிப் பிறருக்குப் பாடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சிரித்தவர்கள் நாம் லட்சக்கணக்கான பேர். அந்தப் பாடத்தையும் அத்தனை பேரும் படித்தால், அவருக்கு அதைவிடப் பெரிய கைதட்டல் இல்லை.